பிச்சிப்பூ என்ன விலை?

"மாப்ளே, நாளைக்கு வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போ. இவளை உன்னைய மாதிரி பி.காம்-ல போட்டிரலாம்னு இருக்கேன்!"

தோவாளையிலிருந்து அத்தான் போன் செய்தார். என் பி.காம் படிப்பை இதைவிடக் கேவலமாக யாரும் பேசியதில்லை. ஆனால், குரலில் கேலி இல்லை. பயந்துபோய் மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன்.

அத்தானுக்குப் பூ வியாபாரம். விடிவதற்கு முன்னே மார்க்கெட்டில் இருப்பார். மகள் நாகர்கோவிலில் நீட் கோச்சிங் போகிறாள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜைத் தாண்டும்போதெல்லாம், 'எம் மக இங்கதான் படிப்பா' என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொல்கிற மனுஷன்.

விஷயம் இதுதான். போன மாத மாதிரித் தேர்வில் 720-க்கு 412. இந்த மாதம் 365. 'போன் பார்த்தே கெட்டுப் போயிட்டா' என்று தீர்ப்பு எழுதிவிட்டார் அத்தான். மூன்று நாளாக மகளிடம் பேச்சில்லை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு 1998 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது மெடிக்கல் கட்-ஆஃப் 300-க்கு. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100. என் மார்க்கைப் பார்த்த அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரம் இன்னும் உள்ளே கிடக்கிறது.

"மக்ளே, அந்த ரெண்டு பேப்பரையும் கொண்டா" என்றேன்.

மார்க்குக்குக் கீழே பொடி எழுத்தில் 'பெர்சன்டைல்' என்று ஒரு வரி. முதல் தேர்வில் 55. இரண்டாவதில் 73. வீட்டில் யாரும் அதைப் படிக்கவே இல்லை! 400 பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் தடவை இவள் மார்க்கும் அதற்குக் கீழேயும் வாங்கியவர்கள் 220 பேர். இரண்டாவது தடவை 292 பேர். மார்க் 47 குறைந்திருக்கிறது. பிள்ளை மேலே ஏறியிருக்கிறாள்!

அத்தானுக்கு நம்பிக்கை வரவில்லை. "கொறஞ்ச மார்க்கு எப்படி மாப்ளே கூடுதலாவும்?"

"அத்தான், பிச்சி கிலோ முந்நூறு. நல்ல விலையா, மோசமா?"

"எந்த நாளுன்னு சொல்லாம எப்படி சொல்ல? ஓணத்துக்கு முந்தின நாளுன்னா அது கொள்ளை லாபம், வாங்குறவனுக்கு! முகூர்த்தம் இல்லாம பூ குவிஞ்சு கெடக்க நாளுன்னா..."

பாதியில் நிறுத்திவிட்டார். பேப்பரை வாங்கி மறுபடி பார்த்தார்.

அவ்வளவுதான் சங்கதி. பேப்பருக்குப் பேப்பர் கஷ்டம் மாறும். நிஜத் தேர்விலேயே பாருங்கள். 2024 நீட்டில் 720-க்கு 720 எடுத்தவர்களே ஏகப்பட்ட பேர். 2025-ல் அகில இந்திய முதலிடத்துக்கே 686தான். அந்த வருடம் பிசிக்ஸ் பிழிந்து எடுத்துவிட்டது. பிள்ளைகள் மக்காகிவிட்டார்கள் என்றா அர்த்தம்?

இதற்காகத்தான் அமெரிக்காவில், மெடிக்கல் நுழைவுத் தேர்வில் சரியான விடைகளின் எண்ணிக்கையை அப்படியே கொடுப்பதில்லை. பேப்பரின் கஷ்டத்தை ஈடுகட்டி 472-லிருந்து 528-க்குள் ஓர் எண்ணாக மாற்றிக் கொடுக்கிறார்கள். அங்கே 472 என்றால் அடிமட்டம். நம்மூரிலும் இது புதிதில்லை. வேறு வேறு போர்டு பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்த, ஒரு போர்டின் முதல் மார்க் 90 என்றால் அதை 100 ஆக்கி, அங்கே 72 வாங்கியவருக்கு 80 என்று சமன்படுத்தியிருக்கிறோம்.

கதவோரம் நின்ற மருமகள் கேட்டாள்: "அப்போ 73-ன்னா சீட் கிடைச்சிருமா மாமா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இது 400 பேர் இருந்த ஹாலின் கணக்கு. நிஜத்தில் 22 லட்சம் பேர். 2025-ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி 50 பெர்சன்டைல், அதற்கு 144 மார்க் போதும். எல்லாப் பிரிவிலும் சேர்த்துத் தகுதி பெற்றவர்கள் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். இடமோ அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. சீட்டைத் தீர்மானிப்பது ரேங்க். அதையும் சொன்னேன். முகம் வாடியது.

"சரி, எத்தனை தப்பு?"

"98 சரி, 27 தப்பு. பாதிக்கு மேல குருட்டாம்போக்குல போட்டது."

தப்புக்கு ஒரு மார்க் போகும். அந்த 27-ஐத் தொடாமல் விட்டிருந்தாலே 392. கணக்குப் போட்டுவிட்டு அவளே சிரித்தாள். அக்கா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

போன வாரம் அடுத்த தேர்வு முடிந்தது. அத்தான் மகளிடம் கேட்ட முதல் கேள்வியை அக்கா போனில் சொன்னாள்.

"பேப்பரு எப்படி மக்ளே, ஓணமா, ஒண்ணுமில்லாத நாளா?"