குரங்குக்குக் கிடைத்த பெயர்
ஞாயிற்றுக்கிழமை, புவனகிரியில் ஒரு குளக்கரை. ரிமோட் படகு விட ஒன்பது ஆண்கள். டீயும் பிளாஸ்க்குமாக நான். படகைச் செய்தவள் நான்தான். மோட்டார் ஒயருக்குச் சால்டரிங் வைத்து, விசிறித் தண்டின் குழாயில் தண்ணீர் ஏறாமல் கிரீஸ் அடைத்ததும் என் கைதான். “அண்ணி, டீ இருக்கா?” இருந்தது. ஊற்றினேன். அதில்தான் எனக்கு இன்னும் கோபம்.

1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் படகை ஓட்டிக் காட்டியபோது, உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றார்களாம். குரங்குக்காவது பெயர் கிடைத்தது. இங்கே என் கணவரின் முதுகைத் தட்டினார்கள், அவரும் மறுக்கவில்லை.

படகு நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும். அவருக்கு அது பழக்கமில்லை; ஆகாயத்தாமரையில் கொண்டுபோய்ச் செருகினார். யாரும் இறங்கவில்லை. சின்ன வயதில் அண்ணன் வெள்ளாற்றில் நீந்த, வயதுக்கு வந்தவள் என்று என்னைக் கரையிலேயே நிறுத்தினார்கள். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவுதான். விசிறியில் சுற்றிய வேரைப் பிய்த்தெடுத்தேன்.

“ரிமோட்டக் குடுங்க.”

உடனே கொடுத்தார். “நீ கேக்கவே இல்லியே” என்றார். உண்மைதான், கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

பேட்டரி தீரும்வரை நானே ஓட்டினேன். யாரோ மறுபடி டீ கேட்டார். பிளாஸ்க் இருந்த இடத்தை அவர் கைகாட்டினார்.