புள்ளி வைக்கும் மெஷின்... கோடு போடும் ராஜபாளையத்துப் பெண்!

இல்லாத ஒரு சர்வரை இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறார், இரவுப் பணியில் இருந்த அந்த இளைஞர். வாடிக்கையாளர்கள் பணம் கட்டிவிட்டார்கள். ரசீது மட்டும் போகவில்லை. மென்பொருளின் எந்தப் பகுதி எதோடு பேசுகிறது என்று காட்டும் படத்தைத் திறந்திருக்கிறார். ரசீது அனுப்பும் வேலை ஒரு பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டிக்குரிய சர்வரைக் கழற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. படத்தை யாரும் மாற்றவில்லை. மாற்றவும் வழியில்லை. வரைந்தவர் வேலையை விட்டுப் போனபோது மூல ஃபைலும் அவரோடு போய்விட்டது. மிஞ்சியது, போட்டோ மாதிரி ஒரு படம்.

மறுநாள், அப்படிப்பட்ட நாற்பது படங்களும் ராஜபாளையத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தன. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் அவர். டெக்னிக்கல் ரைட்டர். புரோகிராமர்கள் செய்து வைத்ததை மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதித் தருகிற வேலை. பஞ்சாலைக்கும் பேண்டேஜ் துணிக்கும் பேர்போன பகுதியில் இப்படி ஒரு வேலையா என்றால், ஏன் கூடாது? இதே ஊரில் வேர்விட்ட ராம்கோ குழுமத்திலிருந்துதான் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்கிற மென்பொருள் நிறுவனம் வந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது.

ஊரிலிருந்து வேலை பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சென்னையில் இருப்பவர்கள் போர்டில் நாலு கட்டம் போட்டு, கையைக் காட்டி விளக்கிவிடுவார்கள். இவருக்கு எழுதி வைப்பதுதான் வாய். அது புரியாவிட்டால், "நீங்க ஆபீஸுக்கே வந்துடுங்களேன்" என்பார்கள். அந்தப் பேச்சு ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா தனியாக இருக்கிறார். வாரம் இரண்டு நாள் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது சென்னையிலிருந்து நடக்காது. ஆகவே, நாற்பது படங்களும் சரியாக வந்தாக வேண்டும்.

அவர் எடுத்த முதல் முடிவு, இனி மவுஸால் எதையும் வரைவதில்லை என்பது. எழுதினால் படமாக மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. நம்மூரையே வைத்துப் பார்ப்போம். ரயிலில் தென்காசி போனால் ராஜபாளையத்துக்கு அப்புறம் சங்கரன்கோவில் வரும். ரோட்டில் போனால் புளியங்குடி. இரண்டு வழியும் கடையநல்லூருக்குப் போய்விடும். இதை இப்படி எழுதினால் போதும்:

ஸ்ரீவில்லிபுத்தூர் -> ராஜபாளையம்
ராஜபாளையம் -> சங்கரன்கோவில் -> கடையநல்லூர்
ராஜபாளையம் -> புளியங்குடி -> கடையநல்லூர்

கிராஃப்விஸ் என்கிற கருவிக்கு, தொடக்கத்தில் digraph என்ற சொல்லும், முன்னும் பின்னும் ஒரு அடைப்புக்குறியும் சேர்த்து இதைக் கொடுத்தால், ஐந்து நீள்வட்டங்களும் அம்புக்குறிகளுமாகப் படம் வந்துவிடும். சங்கரன்கோவிலும் புளியங்குடியும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எது எங்கே நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவே இல்லை. அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஒரு சாயங்காலம் இதை போனில் பார்த்த பெரியம்மா கேட்ட கேள்வி: "ஏத்தா, கோட்டைப் போட்டுட்டா புள்ளி வைப்பாக?"

"ஆமா பெரியம்மா, புள்ளிய மெஷின் வைக்கும்."

பெரியம்மாவின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. ஆண்டாள் ஊரில் மார்கழிக்கென்றே அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வார இதழ்களில் வந்த கோலங்களைக் கத்தரித்து ஒட்டியது. ஒவ்வொன்றின் கீழும் '15 புள்ளி, 8-ல் நிறுத்தவும், இடைப்புள்ளி' என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்தால் புள்ளிகள் எங்கே நிற்கும் என்று மொத்தமும் தெரிந்துவிடும். எதை எதோடு சேர்ப்பது என்பது மட்டும் தெரியாது. கிராஃப்விஸ் நேர் எதிர். எது எதோடு சேரும் என்று நாம் எழுதுகிறோம். எங்கே நிற்கும் என்பது அதன் பாடு.

கோலத்தையும் கம்ப்யூட்டரையும் இப்படிச் சேர்த்துப் பேசுவது புதிதல்ல. தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-லேயே கோலத்தையும் கணினி மொழி இலக்கணத்தையும் இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒரு படத்தை எழுத்து விதிகளால் சொல்ல முடியுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. மென்பொருள் எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

மெஷின் எப்படி இடம் பிடிக்கிறது? ஜப்பானின் கோசோ சுகியாமாவும் கூட்டாளிகளும் 1981-ல் சொன்ன முறை இது. முதலில் யார் எந்த வரிசை என்று பிரிப்பது. அடுத்து, வரிசைக்குள் இடம் மாற்றி மாற்றி உட்காரவைத்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைப்பது. கல்யாணப் பந்தியில், எதிர் வரிசைச் சொந்தத்துக்கு நேராக ஆளை நகர்த்தி உட்காரவைப்போமே, அப்படி. கடைசியாகக் கோடுகளை வளைத்துப் போடுவது. வெட்டுகள் ஆகக் குறைவாக வரும் ஒழுங்கைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது, இரண்டே வரிசை என்றால்கூட, கம்ப்யூட்டருக்கு மிகக் கடினமான கணக்கு. அதனால், 'இது போதும்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. ஆய்வகத்தில் உருவான கிராஃப்விஸ், 1990-களிலிருந்து இந்த வழியில்தான் வரைகிறது.

அதற்குப் பின்னால் வந்தவை நிறைய. பிளான்ட் யு.எம்.எல். 2009-ல் வந்தது. 'கடை வங்கியைக் கேட்டது, வங்கி ஓகே சொன்னது, ரசீது கிளம்பியது' என்று யார் யாரிடம் எப்போது என்ன சொன்னார்கள் என்பதைக் காட்ட அதற்கு நிகரில்லை. எழுதிய வரிசையே படத்தின் வரிசை என்பதால் இடம் தேடும் வம்பே இல்லை. மற்ற பல படங்களுக்கு அது கிராஃப்விஸிடம்தான் போய் நிற்கும். 2014-ல் நட் ஸ்வெய்ட்க்விஸ்ட் தொடங்கிய மெர்மெய்டு (பெயருக்கு அர்த்தம் கடல்கன்னி) பிரவுசரிலேயே வரைந்துவிடும். கிட்ஹப் தளம் 2022 பிப்ரவரியில் அதைச் சேர்த்துக்கொண்ட பிறகு, புரோகிராம் இருக்கும் இடத்திலேயே படத்தின் எழுத்தும் உட்கார்ந்துகொள்ள முடிகிறது. 2022-ல் வந்த டி2 பார்க்க அழகு. அதில் இடம் பிடிக்கும் எஞ்சினையே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுக்கு மட்டும் காசு. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஈ.எல்.கே. படமே வரையாது. எது எங்கே என்று எண்களை மட்டும் கொடுக்கும். ஒயரிங் மாதிரி நேர்க்கோணத்தில் கோடு ஓட வேண்டிய படங்களுக்கு அதுதான் கெட்டி.

அவரை உண்மையில் வாட்டியது வேறு. ஒரே ஒரு வரி சேர்த்தால் மொத்தப் படமும் இடம் மாறிவிடும். நேற்று இடப்பக்கம் இருந்த 'பணம்' பெட்டி இன்று வலப்பக்கம். நம் ரயில் படத்தையே பாருங்கள். சங்கரன்கோவில் கிழக்கே இருக்கிறது என்பது மெஷினுக்குத் தெரியாது. மேற்கே, மலைப் பக்கமாக வைத்தாலும் வைக்கும். படத்தை மனதில் பதித்து வைத்திருப்பவருக்கு இது சொந்த வீட்டில் சமையலறையை மாற்றி வைத்த மாதிரி. இதைச் சரிக்கட்ட ஆளாளுக்கு இரகசியக் கோடுகளைச் சேர்த்துப் பெட்டியை இழுத்துப் பிடிப்பார்கள். இவர் அதைச் செய்ய மறுத்துவிட்டார். ஒரு படத்தில் 12 பெட்டிக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்துவிடுகிறார். சின்னப் படம் ஆடினாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு தலைவலி, தமிழ். தென் மாவட்டக் கடைக்காரர்களுக்கான கையேடு தமிழில் வேண்டும். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கிராஃப்விஸ் பெட்டியை அளந்தால், 'ஸ்ரீவில்லிபுத்தூர்' போன்ற சொல் வேட்டி இடுப்பில் நிற்காத கதையாகக் கட்டத்தைத் தாண்டி வழியும். சர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றிய பிறகுதான் அடங்கியது. பிரவுசரில் வரையும் மெர்மெய்டில் இந்தத் தொல்லை குறைவு.

இன்றைய நிலவரம்: 31 படங்கள் மெர்மெய்டுக்குப் போய்விட்டன. பணம், ரசீது சம்பந்தப்பட்ட ஐந்தும் பிளான்ட் யு.எம்.எல்.லில். எது எதைக் கூப்பிடுகிறது என்கிற பெரிய படத்துக்கு மட்டும் கிராஃப்விஸ். அதற்கான எழுத்தை மனிதர்கள் எழுதுவதில்லை. புரோகிராமே தினமும் இரவில் தன்னைப் பட்டியல் போட்டுக்கொடுக்கிறது. எழுத்தாக மாற்றிவிட்டதாலேயே படம் பழசாகாமல் இருந்துவிடாது என்பதில் அவர் தெளிவு. ஆனால், சர்வரைக் கழற்றுபவர் அதே இடத்தில் ஒரு வரியையும் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால், சரிபார்ப்பவர் கண்ணில் படும்.

பாக்கி மூன்றும் குடோன் அலமாரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் படங்கள். அவற்றைக் கையால்தான் வரைந்திருக்கிறார். மூல ஃபைலை எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் படத்துக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்.