மாத்தளைக் கோச்சியில் மச்சான்

பேராதனைச் சந்தியில் பிரதான பாதையை விட்டுப் பிரிந்து, கண்டி நகருக்குள் நுழைந்து வெளியேறி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தாண்டி, வத்தேகம, உக்குவளை வழியாக மாத்தளையில் முடிகிறது ஒரு ரயில்பாதை. நீளம் சுமார் 34 கிலோமீட்டர். கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் கோச்சி வந்தது, கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவதற்காக. கோப்பி அழிந்துபோனாலும், அதையொட்டி வந்தவர்களும் அதற்கு முன்பே இருந்தவர்களும் பேசிய மொழிகள் இன்றும் அதே பெட்டிகளில் ஏறி இறங்குகின்றன. கண்டிச் சிங்களம், தோட்டத்துத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், படிக்கவும் கடை வைக்கவும் வந்த யாழ்ப்பாணத்தாரின் தமிழ் என்று நாலு பேச்சு. இந்த நாலிலும் காதலைச் சொல்ல வழியில்லை, அதனால்தான் பையன்களும் பிள்ளைகளும் 'ஐ லவ் யூ'வில் போய் விழுகிறார்கள் என்று ஒரு குறை அடிக்கடி கேட்கிறது. இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. 'காதலிக்கிறேன்' என்ற வினைச்சொல்லைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இந்தப் பாதையில் காதல் முறைச்சொல்லில் இருக்கிறது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

குறை சொல்வோருக்கு நல்ல சாட்சி பாதையின் தொடக்கத்திலேயே கிடைக்கும். சரசவி உயன நிலையத்தில் இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகம். மூன்று இனத்துப் பிள்ளைகளும் படிக்கும் அந்த வளாகத்தில் ஆற்றோரத்துக் காதலர் பாதைக்குப் பெயர் 'லவ்வர்ஸ் லேன்'. சிங்களத்திலும் தமிழிலும் அதற்கு யாரும் பெயர் வைத்துப் புழங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் இது வறுமையா? சிங்களப் பேச்சில் 'மம ஒயாட்ட ஆதரெய்' என்று இயல்பாகவே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தார் 'எனக்கு உங்களில விருப்பம்' என்பார்கள். தோட்டத்தில் 'ஒன்னயப் புடிச்சிருக்கு'. சொல் இருக்கிறது. சிக்கல், முதல்முறை வாய் திறக்கும்போது 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவெடுத்தாக வேண்டும் என்பதில்தான். 'நீ' என்றால் அதற்குள் உரிமை எடுத்தாயிற்று. 'நீங்கள்' என்றால் இன்னும் தூரம். சிங்களத்திலும் 'ஒயா', 'உம்ப' என்று படிகள் உண்டு. ஆங்கிலத்தின் 'யூ' இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதனால் முதல் வாக்கியத்துக்கு மட்டும் ஆங்கிலத்தை இரவல் வாங்குகிறார்கள், பதில் சாதகமாக வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த ஆங்கில வாக்கியம் எத்தனை முறை வருகிறது என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

கண்டி நிலையத்தில் வாதத்தின் நடுத்தண்டு கிடைக்கிறது. சிங்களம் இந்தோ-ஆரிய மொழி, தமிழ் திராவிட மொழி. இலக்கணம் எழுதுகிறவர்கள் இரண்டையும் வெவ்வேறு அலமாரியில் வைப்பார்கள். உறவுமுறை மட்டும் ஒரே அலமாரியில் கிடக்கிறது. தாயின் சகோதரன் இரண்டிலும் மாமா. மாமா பிள்ளையும் அத்தை பிள்ளையும் கட்டிக்கொள்ளும் முறை. சிங்களத்தில் அவர்கள் மஸ்ஸினா, நேனா. பெரியப்பா, சித்தி பிள்ளைகளோ அக்கா, மல்லி (தம்பி), நங்கி (தங்கை) என்ற உடன்பிறப்பு வரிசை. யாரை நேசிக்கலாம், யாரை நேசிக்கக் கூடாது என்பதை இரண்டு மொழிகளும் ஒரே கணக்கில் போடுகின்றன. இது புத்தகக் கணக்கு மட்டுமல்ல. கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது ராணியின் தம்பி, அதாவது மன்னனின் மைத்துனன், அரியணை ஏறினான். அந்த நாயக்கர் வம்சம் 1815 வரை ஆண்டது. கொண்டான் கொடுத்தான் உறவின் வழியே ஓர் அரசு கைமாறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம்.

ஆனால் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு மொழிகளும் காதலில் எதிரெதிர்த் திசையில் போகின்றன. சிங்களப் பெண் காதலனை 'அய்யே' என்பாள், அதாவது அண்ணா. அவன் அவளை 'நங்கி' என்பான், தங்கை. கேட்கிறவர் யாரும் முகம் சுளிப்பதில்லை. தமிழ்ப் பெண் ஒருத்தி தன்னைச் சுற்றி வருகிறவனை 'அண்ணா' என்று கூப்பிட்டால் கதை அத்தோடு முடிந்தது. அவள் வாயில் நெருக்கத்துக்கு உரிய சொல் 'மச்சான்'. அந்த மச்சானையோ சிங்களம் 'மச்சங்' என்று வாங்கி, ஆண் நண்பர்கள் தோளில் கை போட்டுக்கொள்வதற்குக் கொடுத்துவிட்டது. கண்டி பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் பத்து மச்சங் காதில் விழும், ஒன்றிலும் காதல் இருக்காது. அன்பைச் சொல்ல ஒரே பெட்டியிலிருந்து இருவரும் எடுக்கிறார்கள், எடுப்பது வேறு வேறு சொல். பெட்டி ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். இன்னொருவர் வீட்டுக் கூப்பிடுதலைக் கேட்டதும் அது அன்பு என்று புரிந்துவிடுகிறது, அகராதி தேவைப்படுவதில்லை.

மஹியாவயைக் கடந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பின் வத்தேகம வரும். பன்வில, மடுல்கெலைத் தோட்டங்களுக்கு இதுதான் பட்டணம். தோட்டத்துப் பேச்சில் மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். 'என்னாங்க', 'மாமா', 'மச்சான்', பிள்ளை பிறந்தபின் பிள்ளையின் பெயரோடு 'அப்பா'. அந்தப் பேச்சு கடிதமாக மாற வேண்டிய காலம் ஒன்று வந்தது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வோம் என்றது. ஒரே லயத்தில், அதாவது ஒரே தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கு இந்திய பாஸ்போர்ட்டும் அடுத்த வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்தன. பேசி வைத்திருந்த கலியாணங்கள் கடலுக்கு இரு பக்கமும் ஆயின. கடிதத்துத் தமிழுக்கு 'நலம், நலமறிய அவா' என்று ஒரு வாய்பாடு உண்டு. வாயில் இருந்த மச்சானுக்குத் தாளில் இடம் சிரமம்தான். அதனால் விசாரிப்புகள் நீண்டன. அத்தைக்கு மூட்டுவலி எப்படி, ஆடு குட்டி போட்டதா என்ற வரிகளுக்குள் சொல்ல வேண்டியது போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு வரும், வர வேண்டும். முறைச்சொல்லில் காதல் இருக்கிறது என்பது பெண்ணின் மௌனத்துக்குப் பூச்சூட்டுவது ஆகாதா? 'அய்யே' என்றால் மூத்தவன், 'மாமா' என்றாலும் மூத்தவன். தாழ்ந்தே பேசும் ஒருத்தியின் அடக்கத்தை அன்பு என்று எடுத்துக்கொள்வது ஆணுக்கு வசதி. உக்குவளை நிலையத்தில் இந்த மறுப்புக்கு வலு கூடுகிறது. சுற்றிலும் முஸ்லிம் ஊர்கள். அங்கே 'சோறு திண்டீங்களா' என்பது பரிவு. யாழ்ப்பாணக் காதுக்கு 'தின்' ஆடுமாட்டுக்குரிய சொல், உக்குவளைத் தாய்க்கோ அது வாஞ்சை. தாத்தா என்றால் மலையகத் தமிழருக்குப் பாட்டன், சிங்களவருக்கு அப்பா, முஸ்லிம்களுக்கு அக்கா. ஒரு பெட்டியில் மூன்று குழந்தைகள் 'தாத்தா' என்று கத்தினால் மூன்று வேறு ஆட்கள் திரும்புவார்கள். இவ்வளவு வளமான பேச்சு இருந்தும், 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. அவள் சார்பில் வலீ, அதாவது தந்தை முதலான ஆண் பொறுப்பாளர், சம்மதிப்பார். இதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்களே பல வருடங்களாகப் போராடுகிறார்கள்.

மறுப்பின் பாதியை நான் ஏற்கிறேன். வீட்டில் புரிந்துகொள்ளப்படும் அன்பு பதிவேட்டில் செல்லாது. அங்கே தெளிவான 'சம்மதம்' வேண்டும், அவள் கையாலேயே வேண்டும். ஆனால் அந்தக் குறை சட்டத்தினுடையது, அதை மொழியின் தலையில் கட்டக் கூடாது. இந்த மலைகளில் பெண்ணின் விருப்பம் எப்போதும் வாயடைத்து இருந்ததில்லை. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வந்த தன் நூலில், ஆணும் பெண்ணும் பிடிக்காவிட்டால் எளிதாகப் பிரிந்து வேறு துணை தேடியதை வியப்போடு எழுதினார். மனைவி வீட்டுக்குக் கணவன் வந்து வாழும் 'பின்ன' கலியாணத்தை இன்றைய கண்டியச் சட்டமும் அங்கீகரிக்கிறது. அதே முறைச்சொற்கள்தான் அன்றும் புழங்கின. சொல் மாறாமலே பெண்ணின் நிலை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறதென்றால், அடக்கத்தைச் சொல்லில் தேடுவதில் பயனில்லை.

இன்னொரு மறுப்பு மாத்தளையிலேயே நிற்கிறது. முறைச்சொல் அந்நியரையும் அக்கா, மல்லி ஆக்கும். ஆனாலும் 1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை எரித்தவர்களும் இந்தச் சொற்களோடு வளர்ந்தவர்கள்தான். உண்மை. சந்தையில் அக்கா என்பதும் வீட்டில் சம்பந்தம் பேசுவதும் ஒன்றல்ல, அந்தத் தூரத்தை எந்தச் சொல்லும் தானாகக் கடக்காது. கூப்பிடத் தெரிந்ததால் கலவரம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. கூப்பிடத் தெரியாமல் அன்பு தொடங்காது என்றே சொல்கிறேன். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே நடந்துவந்த தொழிலாளரின் தடத்தில் இருக்கும் அந்தக் கோயில் மீண்டும் எழுந்தது. 2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அப்படிக் கூப்பிடக் கற்றுக்கொடுக்க ஒரு வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. அரச ஊழியர்கள் வேலையில் சேர்ந்தபின் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது 2007 முதல் விதி. அந்தத் தேர்ச்சியை விண்ணப்பத்தின் மொழியோடு நிறுத்தாதீர்கள். தமிழ் படிக்கும் சிங்களவருக்கு மச்சானும் அண்ணாவும் எங்கே பிரிகின்றன என்றும், சிங்களம் படிக்கும் தமிழருக்கு 'நங்கி' எப்போது தங்கை, எப்போது காதலி என்றும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.