ராஜாவின் மாளிகையில் ஒரு முற்பகல்



ஆத்தூரில் எழுதுபொருள் கடை நடத்தி வருபவன் நான். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வண்ணப் பென்சில்களும் வரைதாள்களும் எடுத்துக் கொடுப்பதிலேயே பகல் கழிந்துவிடும். ஊரார் பிள்ளைகள் வரைவதற்கு வேண்டியதை எல்லாம் மனமுவந்து கொடுத்த நான், என் மகளின் படநோட்டை ஈராண்டுகளுக்கு முன் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டேன்.

அந்த நோட்டில் அவள் என் தாயாரின் முகத்தை வரைந்திருந்தாள். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்துச் சிறுவயதில் மதரஸாவில் கேட்ட எச்சரிக்கை என் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. "இனி இது வேண்டாம், மகளே" என்றேன். அவள் மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் 'அரசு கவின் கலைக் கல்லூரி, சென்னை' என்று ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைத்தாள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேனே தவிர, பதில் சொல்லவில்லை.

அந்நிலையில்தான் மூத்த மகனைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதற்காக நாங்கள் தில்லி செல்ல நேர்ந்தது. ஜாமிஆ மஸ்ஜித், செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை எல்லாம் பார்த்து முடித்தபின், "உனக்கு எங்கேனும் போக வேண்டுமா?" என்று மகளைக் கேட்டேன். "ஜெய்ப்பூர் மாளிகை, அத்தா" என்றாள்.

இந்தியா கேட்டைச் சுற்றிலும் ஒருகாலத்தில் சமஸ்தான மன்னர்கள் தமக்கெனத் தில்லி மாளிகைகளை எழுப்பினார்கள். உலகின் பெருஞ்செல்வர் என்று பேசப்பட்ட ஹைதராபாத் நிஜாமின் மாளிகையும் அங்கேதான் உள்ளது. இன்று அது வெளிநாட்டுத் தலைவர்களை நம் அரசு வரவேற்கும் இடம். ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக 1936இல் எழுந்தது ஜெய்ப்பூர் மாளிகை. நடுவில் குவிமாடமும், பட்டாம்பூச்சி சிறகு விரித்ததைப் போன்ற அமைப்பும் கொண்ட கட்டடம். சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. 1954 மார்ச் 29 அன்று அதே மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடத்தை அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மன்னருக்காகக் கட்டிய வீடு பதினெட்டே ஆண்டுகளில் பொதுமக்களின் வீடாயிற்று. ஆட்சியும் செல்வமும் இறைவன் தரும் அமானிதம் என்று நாம் பேசுகிறோம். அதைக் கண்ணால் காண வேண்டுமானால் அந்த வாசலில் சற்று நேரம் நின்றால் போதும்.

வளாகத்தில் எனக்குத் தெரிந்த சிலை ஒன்று நின்றது. பெரும்பாறையை நெம்பிப் புரட்டும் நான்கு தொழிலாளர்கள். "இது நம் மெரினாவின் உழைப்பாளர் சிலை அல்லவா?" என்றேன். மகளின் முகம் மலர்ந்தது. இரண்டையும் படைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்றும், சென்னை ஓவியக் கல்லூரிக்குத் தலைவராக அமர்ந்த முதல் இந்தியர் அவர் என்றும், 1850இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் தான் சேர விரும்பும் கல்லூரி என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். ஈராண்டுகளில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

உள்ளே அம்ரிதா ஷேர்கில்லின் ஓவியங்கள் இருந்தன. சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் பிறந்து, பாரிஸில் பயின்று, 1941இல் தம் 28ஆம் வயதிலேயே மறைந்தவர் அவர். 1935இல் அவர் வரைந்த 'மூன்று பெண்கள்' என்ற ஓவியத்தின் முன் மகள் நின்றுவிட்டாள். மூவரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். பகட்டான அணிமணி இல்லை. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. பார்வைகள் தாழ்ந்திருக்கின்றன.

"எதற்காக இப்படி அமர்ந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"யாரோ முடிவு சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல் தெரிகிறது, அத்தா."

என்னைக் குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. படத்தில் கண்டதைத்தான் சொன்னாள். ஆனால் என் கை தானாகவே சட்டைப்பையைத் தொட்டது.

லுஹர் நேரம் நெருங்கியதால் வெளியே வந்தோம். தொழுதபின் எங்கள் பள்ளிவாசல் இமாமைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதை அறிஞர்களில் மிகப் பலர் கூடாது என்கிறார்கள். வணக்கத்துக்கு உரியதாக ஆக்கப்படாத தட்டையான படங்களில் தடையில்லை என்போரும் உள்ளனர். மரம், மலை, கட்டடம், எழுத்தணி ஆகியவற்றில் தடையேதும் இல்லை. படம் வரைந்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வரைந்தே தீர வேண்டுமானால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அறிவுறுத்திய செய்தியையும் நினைவூட்டினார். பிறகு, "இதையெல்லாம் மகளோடு உட்கார்ந்து பேசினீர்களா?" என்று கேட்டார்.

பேசவில்லை. பேசாமலே பரணில் ஏற்றியதுதான் என் பிழை. மார்க்கத்தின் எல்லையைச் சொல்வது தந்தையின் கடமை. ஆனால் எல்லைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் காட்டுவதும் அதே கடமையின் பாதி அல்லவா? தடையை மட்டும் சொல்லிவிட்டு, அனுமதிக்கப்பட்டதை நான் மறைத்துவிட்டேன். முந்திய நாள் ஹுமாயூன் கல்லறையின் கல் சாளரங்களில் பின்னிக் கிடந்த கோலங்களைப் பார்த்து நானே வியந்து நின்றிருக்கிறேன். அவற்றையும் ஒரு கை வரைந்துதானே கல்லில் இறக்கியிருக்கும்?

சென்னை வரும் இரயிலில் இதையெல்லாம் அவளிடம் சொல்லி, நடந்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன். அவளுக்கும் எழுத்தணியிலும் கட்டட ஓவியத்திலும் ஆர்வம் இருந்திருக்கிறது. நான் கேட்டதில்லை. "வகுப்பில் உருவங்களும் வரையச் சொல்வார்களே, அத்தா?" என்று அவளே தயங்கிக் கேட்டாள். "சொன்னால் இமாமிடம் இருவரும் சேர்ந்தே கேட்போம்" என்றேன். அந்தக் கேள்விக்கு இன்னும் முழு விடை எங்களிடம் இல்லை.

எழும்பூரிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலம் செல்லும் வண்டி இரவில்தான் புறப்படும். பகல் முழுதும் கையில் இருந்தது. சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டுப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரிக்கு மகளை அழைத்துச் சென்றேன். சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து, அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டு அவளிடமே கொடுத்தேன். அலுவலகத்தில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. விண்ணப்பத்தைத் தனியாக நிரப்ப வேண்டும் என்றார்கள். ஆனாலும் அவள் அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் பரணில் ஏறி நோட்டை எடுத்துத் தூசு தட்டினேன். என் தாயார் இப்போது உயிரோடு இல்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. அந்தப் படத்தை நாங்கள் சுவரில் மாட்டவில்லை. அலமாரியில், மகளின் புத்தகங்களுக்கு நடுவே நோட்டு இருக்கிறது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.