காணாமல் போகும் இணைப்பு

அமெரிக்க மருத்துவமனைகளில் ஃபேக்ஸ் இன்னும் சாகவில்லை. எந்திரத்தின் முன் கால்கடுக்க நிற்பதுதான் குறைந்திருக்கிறது. அவுட்லுக் மின்னஞ்சலில் ஃபேக்ஸ் எண்ணைத் தட்டி, கோப்பை இணைத்து, ஒரு ஃபேக்ஸ் சேவை வழியாக அனுப்பிவிடுகிறார்கள். சில நேரம் மறுமுனையில் முகப்புத் தாள் மட்டும் வந்து விழும். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காணோம்!

இதில் அடிக்கடி மாட்டுகிற திருடன் ‘ரிச் டெக்ஸ்ட்’. அந்த வடிவில் மடல் எழுதினால், அவுட்லுக் இணைப்புகளை ‘வின்மெயில்.டாட்’ என்ற ஒரே மூட்டையாகக் கட்டிவிடக்கூடும். நடுவிலிருக்கும் ஃபேக்ஸ் சேவைக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாவிட்டால் கதை முடிந்தது. அனுப்பியவர் கோப்பைத் திரும்பத் திரும்ப இணைத்துப் பயனில்லை. மடலை எச்டிஎம்எல்லுக்கோ வெறும் எழுத்துக்கோ மாற்ற வேண்டும்.

பூட்டிய பிடிஎஃப் இன்னொரு தொல்லை. ஃபேக்ஸ் சேவை ஒவ்வொரு பக்கத்தையும் கறுப்பு வெள்ளைப் படமாக்கித்தான் அனுப்பும். கடவுச்சொல் கேட்டால் அது யாரிடம் போய்க் கேட்கும்?

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்னஞ்சலில் ஏறும்போது கோப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும்; 15 எம்பி கோப்பு 20 எம்பி ஆகும். வரம்பு 20 என்று நம்பி 18 எம்பி கோப்பை அனுப்பியவர், அது ஏன் திரும்பி வந்தது என்று விழிப்பார்.

எல்லாம் சரியாகப் போனாலும், மஞ்சள் மையால் அழுத்திக் காட்டிய வரி அங்கே கறுப்புப் பட்டையாக இறங்கலாம். 1980இல் வந்த குரூப் 3 ஃபேக்ஸ் தரத்துக்குச் சாம்பல் நிறம்கூடத் தெரியாது.