மாமா அனுப்பின பனி வீடியோ

அடைமழை பெய்த ஒரு ராத்திரி மாமா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். கனடாவில் யாரோ ஒருத்தர் டிராக்டருக்கு முன்னால் ஒரு மெஷினைப் பூட்டி, ரோட்டில் கிடக்கும் பனியை வாரித் தூரமாய் வீசிக்கொண்டே போகிறார். கூடவே ஒரு வொய்ஸ்: “புள்ள, இவன் இங்கிலீஷ்ல என்னா சொல்றான்னு கேட்டு சொல்லு.”

மாமா அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் டிரைவர். கொழுந்து ஏத்துவார், உரம் ஏத்துவார், அவசரத்துக்கு நோயாளியையும் ஏத்துவார். நான் பேராதனையில் கலைப்பீடம். ஓஎல்லோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவள். இருந்தாலும் மூன்று தரம் பார்த்தேன்.

டிராக்டரின் பின்பக்கம் பிடிஓ என்று ஒரு தண்டு இருக்கிறது. வழக்கமாக நிமிடத்துக்கு 540 தரம் சுற்றும். மெஷினை முன்னால் பூட்டினால் அந்தப் பலத்தை முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மனுசன் அதை எண்ணெயில் கொண்டுபோகிறார். பிடிஓவில் ஒரு பம்ப், அங்கிருந்து முன்பக்கம் வரை தடித்த ஹோஸ், முடிவில் எண்ணெய் தள்ளச் சுற்றும் ஒரு மோட்டார்.

“நம்ம டிராக்டர்லயே ஹைட்ரோலிக் பம்ப் இருக்கே, அதுல எடுத்தா என்னா?” என்று மாமா கேட்டார்.

அதற்கும் வீடியோவில் பதில் இருந்தது. அழுத்தம் மட்டும் போதாது, எவ்வளவு எண்ணெய் ஓடுகிறது என்பதும் முக்கியம். 200 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 40 லீற்றர் ஓடினாலும் கிடைப்பது 13 கிலோவாற்று, ஏறத்தாழ 18 குதிரைவலுதான். எஞ்சின் 50 குதிரைவலு என்றாலும் மிச்சம் அந்த வழியால் வராது. ட்ரெய்லரைத் தூக்க அது தாராளம். விடாமல் சுற்றும் மெஷினுக்குக் காணாது. அதனால்தான் பெரிய பம்ப், தனி எண்ணெய்த் தாங்கி, சூடாகும் எண்ணெயை ஆற்ற ஒரு கூலர்.

மாமாவுக்குப் பனி எதுக்கு? அவர் நினைத்தது மண்ணை. மழைக்கு ரோட்டில் மண் விழுந்தால் பெக்கோ வரும்வரை தோட்டமே அடைபட்டுக் கிடக்கும். ஆனால் ஈரக் களிமண்ணும் கல்லும் தேயிலை வேரும் அந்த மெஷினுக்குள் போனால் சிக்கிவிடும். முன்னால் ஒரு பக்கெட் பூட்டினால் போதும். அது தூக்கி இறக்கும் வேலை, விடாமல் சுற்றத் தேவையில்லை. டிராக்டரின் சொந்தப் பம்பே அதற்குச் சமாளிக்கும். இதைச் சொன்னதும் மாமாவுக்கு ஒரே சந்தோசம்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது நான் சின்னப் பிள்ளை. டிவியில் சேற்றைத் தோண்டும் மெஷின்கள்தான் ஞாபகம். அங்கே ஆபத்து, ஆட்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள் என்பதைக் கெம்பஸ் வந்த பிறகுதான் வாசித்தேன். மாமா அப்போது அங்கே போனவர்.

“மெஷின் எல்லாம் வந்துச்சு புள்ள,” என்றார். “ஆளுங்கதான் மண்ணுக்குள்ள.”

மாமா இருக்கும் லயத்துக்குப் பின்னாலும் மூன்று வருசமாக ஒரு வெடிப்பு இருக்கிறது. வந்து பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு மழைக்கும் அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோவிலில் போய்ப் படுக்கிறார்.

“பக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும்னு தேடிப் பாரு,” என்றார் மாமா கடைசியில். “தொரைகிட்ட கேக்குறேன். அது ரோட்டுக்கு. எங்களுக்கு வீடு கட்ட ஒரு துண்டு காணி வேணும். அதுக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடு.”

பக்கெட் விலையை இன்னும் தேடவில்லை. லெட்டரைத்தான் முதலில் எழுதினேன்.