அந்த ஐந்து நாட்கள்

வரலாற்று நூல் எதைப் படித்தாலும் தேதிகளைத் தனியே ஒரு தாளில் குறித்துக்கொள்வது என் வழக்கம். "உயிரற்ற எண்களில் என்ன கண்டீர்?" என்று நண்பர்கள் நகைப்பார்கள். மனிதர் மறைத்ததை எண்கள் சொல்லிவிடும் என்பேன். 1878ஆம் ஆண்டின் ஐந்து நாட்களே அதற்குச் சான்று.

அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள், போரில் தோற்ற உதுமானியப் பேரரசு ரஷ்யாவுடன் சான் ஸ்டெஃபானோ உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. ரஷ்யச் செல்வாக்கில் பரந்ததொரு பல்கேரியா எழுவதை பிரிட்டன் விரும்பவில்லை. வல்லரசுகள் பெர்லினில் கூடிப் பேசுவதென ஏற்பாடாயிற்று.

மாநாடு கூடியது ஜூன் 13இல். அதற்கு முன்பே, மே 30ஆம் நாள், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சால்ஸ்பரி பிரபுவும் ரஷ்யத் தூதர் ஷுவலோவும் இலண்டனில் இரகசியமாக உடன்பட்டிருந்தனர். பல்கேரியாவைக் குறுக்க ரஷ்யா இசைந்தது. கார்ஸும் பாத்தூமும் ரஷ்யாவிடம் போவதைத் தடுப்பதில்லை என பிரிட்டன் இசைந்தது. அவை உதுமானிய நகரங்கள். அந்த மேசையிலோ உதுமானியர் எவருமில்லை.

ஜூன் 4ஆம் நாள் அதே பிரிட்டன், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அரசோடு மற்றோர் இரகசிய ஒப்பந்தம் செய்தது. கார்ஸையும் பாத்தூமையும் வைத்துக்கொண்டு ரஷ்யா மேலும் முன்னேறினால் படையோடு துணை வருவோம். அதற்கீடாக சைப்ரஸ் தீவின் ஆட்சியை எம்மிடம் விடுக என்பது அதன் சாரம். எந்த ஆபத்துக்குத் தலையசைத்தார்களோ, அதே ஆபத்துக்கு ஐந்தாம் நாள் காவற்கூலி பெற்றார்கள்!

முதல் இரகசியம் நிலைக்கவில்லை. வெளியுறவு அலுவலகத்தில் தற்காலிகமாகப் படியெடுத்து வந்த சார்லஸ் மார்வின், அதை நினைவில் ஏந்திச் சென்று 'குளோப்' நாளிதழுக்கு அளித்தார். சால்ஸ்பரி பிரபுக்கள் சபையில் மறுத்துரைத்தார். ஜூன் 14இல் முழு வாசகமும் அச்சேறியது. தாள் எதையும் திருடாத மார்வினைத் தண்டிக்கச் சட்டமில்லை. 1889இல் பிரிட்டனில் அரசு இரகசியச் சட்டம் பிறந்தது. இந்தியாவுக்கும் அவ்வாண்டே அத்தகைய சட்டம் வந்தது.

ரஷ்யா கார்ஸைத் திருப்பித் தந்தால் சைப்ரஸை விட்டகல்வதாக பிரிட்டன் எழுதிக் கொடுத்திருந்தது. அமானிதமாகப் பெற்ற தீவை, 1914இல் போர் மூண்டதும் தன்னுடையதாக அறிவித்தது. கார்ஸ் 1921இல் துருக்கிக்குத் திரும்பியது. சைப்ரஸ் விடுதலை பெற்றது 1960இல். இரண்டு படைத்தளங்கள் இன்றும் பிரிட்டன் வசமே உள்ளன.

மே 30, ஜூன் 4. என் தாளில் இவ்விரு வரிகளையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். விளக்கவுரை வேண்டுமோ?